ஒரே ஆலயத்தில் மூன்று முதல் உலகப்போர் நினைவுப் பலகைகள்: எது எந்தச் சபையிலிருந்து வந்தது?

(ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

சுவரோரம் (கேள்வி):

ஸ்காட்லாந்தின் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் ஆலயம். இன்று சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. மூன்று சபைகள் இணைந்து இது உருவானது என்பது மட்டும் உறுதி. ஓர் இணைப்பு 1930களில், மற்றது 1970களில் என்று இப்போதைய மூப்பர்கள் சொல்கிறார்கள். உள்ளே நான்கு சின்னங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஓக் பலகையில் பதித்த பித்தளைத் தகடு. 31 பெயர்கள், அகரவரிசை. "1914–1919". சபையின் பெயர் இல்லை. "இந்தச் சபையைச் சேர்ந்தோர்" என்று மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, ஈய எழுத்துப் பதித்த வெள்ளைப் பளிங்கு. 17 பெயர்கள், படைத்தகுதி வரிசை. "1914–1918". தலைப்புக்குக் கீழே ஒரு வரியை அடைத்து மறைத்தது போலத் தெரிகிறது.

மூன்றாவது, கண்ணாடிச் சட்டத்துக்குள் காகிதப் பட்டியல். 88 பெயர்கள், சிலவற்றின் பக்கத்தில் சிறு சிலுவைக்குறி.

நான்காவது, இரண்டாம் உலகப்போர் வெண்கலப் பலகை. 22 பெயர்கள். 1970களின் இணைப்புக்கு முன்பு வரை இந்த ஆலயத்துக்கு இருந்த பெயர் அதில் இருக்கிறது.

பித்தளையிலும் பளிங்கிலும் ஆறு பெயர்கள் பொது. "எல்லாமே பழைய கோயிலிலிருந்து வந்தவைதான்" என்பதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியவில்லை. கட்டடத்தை விற்கும் பேச்சு நடக்கிறது. அதற்குள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஆவணப்படுத்த வேண்டும். எங்கே தொடங்குவது? பின்பக்கத்தைப் பார்க்கப் பளிங்கைக் கழற்றலாமா? மூன்று சபை, மூன்று முதல் உலகப்போர்ச் சின்னம் என்பதால் ஆளுக்கொன்று என்று எடுத்துக்கொள்ளலாமா?

கிளைவழி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. மூன்றுக்கு மூன்று என்று பொருந்தி வருவதுதான் இதில் ஆளை ஏமாற்றுவது. காகிதப் பட்டியல் வேறு சாதி. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, படையில் சேர்ந்த எல்லாருடைய பெயரையும் எழுதி மாட்டியது அது. உயிரோடு திரும்பியவர்களும் அதில் இருப்பார்கள். சிலுவைக்குறி இறந்தவர்களுக்கு. போர் முடிந்தபின் அதே சபை கல்லிலோ பித்தளையிலோ இறந்தவர்களுக்கு மட்டும் தனிப்பலகை வைத்திருக்கும். ஆக, மூன்றில் இரண்டு ஒரே சபையுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் ஒரு சபையின் சின்னத்தைக் காணோம்.

பலகைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, சபைகளின் கிளைமரத்தை வரையுங்கள். நினைவுச்சின்னம் கட்டடத்தைச் சேர்ந்ததல்ல, சபையைச் சேர்ந்தது. சபை இடம் மாறும்போது பலகையும் கூடவே போகும், சில நேரம் போகாது. 1843இல் அரசு அங்கீகாரம் பெற்ற சபையான சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்திலிருந்து பிரிந்து ஃப்ரீ சபை உருவானது. அதற்கும் முன்பே பிரிந்திருந்தவர்களில் பெரும்பகுதி 1847இல் யுனைடெட் பிரெஸ்பிட்டேரியன் (யு.பி.) சபையாக ஒன்றானார்கள். 1900 அக்டோபர் 31 அன்று ஃப்ரீ சபையின் பெரும்பான்மையும் யு.பி. சபையும் சேர்ந்து யுனைடெட் ஃப்ரீ (யு.எஃப்.) ஆயின. 1929 அக்டோபர் 2 அன்று யு.எஃப். சபையின் பெரும்பான்மை சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தில் இணைந்தது. பலகைகள் பெரும்பாலும் 1919க்கும் 1923க்கும் இடையில் வைக்கப்பட்டவை; அதாவது 1900க்கும் 1929க்கும் நடுவில். அப்போது ஒரு சிறு நகரத்தில் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் பாரிஷ் (சபை வட்டார) ஆலயம் ஒன்றும் யு.எஃப். ஆலயம் ஒன்றோ இரண்டோ இருப்பது வழக்கம். இரண்டு இருந்தால் ஒன்று பழைய ஃப்ரீ, மற்றது பழைய யு.பி. என்று சந்தேகியுங்கள்.

1929 என்பது தேசிய அளவிலான இணைப்பு. அதே நாளில் உள்ளூர்ச் சபைகள் ஒன்றாகிவிடவில்லை. ஒரே தெருவில் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து ஆலயங்கள் இரண்டு எதிரெதிரே பல ஆண்டுகள் நடந்தன. ஒரு போதகர் ஓய்வுபெறும்போதோ, இறக்கும்போதோ, வேறிடம் போகும்போதோ அந்தக் காலியிடத்தைச் சாக்காக வைத்துத்தான் உள்ளூர் இணைப்பு பெரும்பாலும் நடக்கும். அதனால் போதகர்களின் பணிக்காலத்தைப் பார்த்தாலே இணைப்பு நடந்த ஆண்டு பிடிபட்டுவிடும். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து போதகர்களின் பணிவிவரங்களைத் தரும் 'ஃபாஸ்டி' தொகுப்பின் 9ஆம் தொகுதி 1929–1954ஐயும், 10ஆம் தொகுதி 1955–1975ஐயும் கொண்டது. உங்கள் இரண்டு இணைப்புகளுக்கும் இவை போதும் என்று நினைக்கிறேன்.

பெயர்களை நம்பாதீர்கள். 1929க்குப்பின் ஒரே ஊரில் இரண்டு ஆலயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் 'ஓல்ட்', 'சவுத்', 'வெஸ்ட்', ஏதாவது ஒரு பரிசுத்தவான் பெயர், தெருப்பெயர் என்று ஒட்டினார்கள். இணைந்த சபை ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டு மற்றதன் கட்டடத்தில் கூடுவதும் சாதாரணம். எது எங்கே நின்றது என்பதற்கு, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் உள்ள மைலுக்கு 25 அங்குல அளவிலான ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடங்களைப் பாருங்கள். 1900க்கு முந்தைய பதிப்பில் 'ஃப்ரீ சர்ச்', 'யு.பி. சர்ச்' என்றிருக்கும், அதற்குப் பிந்தையதில் அதே கட்டடம் 'யு.எஃப். சர்ச்' ஆகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூலமரபு தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தின் அரசு வம்சாவளி ஆவணத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் சொத்து மதிப்பீட்டுப் பதிவேடுகள் 1915, 1920, 1925, 1930, 1935, 1940 ஆண்டுகளுக்கு உண்டு. உரிமையாளர் இடத்தில் எந்தச் சபையின் அறங்காவலர்கள் என்று எழுதியிருக்கும்.

இணைப்புக்கு அசல் ஆதாரம் பிரெஸ்பிட்டரியின் (வட்டாரத்துச் சபைகளை மேற்பார்க்கும் மன்றத்தின்) நடவடிக்கைக் குறிப்பேடு. அதில் 'இணைப்பு அடிப்படை' என்றொரு ஆவணம் பதிவாகியிருக்கும்: புதிய பெயர் என்ன, எந்தக் கட்டடம் வழிபாட்டுக்கு, எது விற்பனைக்கு, நிதிகள் யாருக்கு என்று. சில நேரம் நினைவுச்சின்னத்தை மாற்றுவது பற்றியும் ஒரு வரி இருக்கும். ஒரே போதகரைப் பகிர்ந்துகொள்ளும் வெறும் தொடர்புச் சபைகளை இணைந்த சபைகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சபைகள் தனித்தனி. பலகைகள் இடம் மாறியிருக்காது.

நான்காவது பலகையை இன்னொரு முறை பாருங்கள். அதில் 1970களுக்கு முந்தைய பெயர் இருக்கிறது. ஆகவே அது 1930களில் இணைந்த இரண்டு சபைகளின் கூட்டுப் பலகை. 1970களில் வந்து சேர்ந்த மூன்றாவது சபை இரண்டாம் உலகப்போரில் இறந்த தன் பிள்ளைகளுக்கு என்ன வைத்தது?

சந்தாக்கணக்கு:

கிளைமரம் வரைந்தபின் குறிப்பேடுகளுக்கு வாருங்கள். எந்தக் குறிப்பேடு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூப்பர் மன்றத்தின் ஏட்டை மட்டும் புரட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்புவார்கள். மூப்பர் மன்றம் ஆவிக்குரிய காரியங்களைப் பார்ப்பது. பணமும் சுவரும் வேறு கையில் இருந்தன. பழைய ஃப்ரீ மரபுச் சபையில் டீக்கன் மன்றம், பழைய யு.பி. மரபில் மேலாளர் குழு. 1900இல் இணைந்த பிறகும் பெரும்பாலும் அவரவர் முறையே தொடர்ந்தது. பாரிஷ் ஆலயமாக இருந்தால் கட்டடப் பொறுப்பு ஹெரிட்டர்கள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களிடம் இருந்தது. 1925ஆம் ஆண்டுச் சொத்து, நிதிச் சட்டத்துக்குப் பிறகுதான் அது கைமாறத் தொடங்கியது. ஆகவே 1920இல் பாரிஷ் ஆலயச் சுவரில் பலகை மாட்ட ஹெரிட்டர்களின் அனுமதி கேட்டிருப்பார்கள், அந்தக் கடிதத்தோடு வரைபடமும் போயிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பழைய பாரிஷிலிருந்து வழிபாட்டுக்கு மட்டும் பிரித்து அமைத்த பாரிஷ்களில் ஹெரிட்டர்கள் கிடையாது, அறங்காவலர்கள்தான்.

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் பட்டியலில் சி.எச்.2 என்பது சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து, சி.எச்.3 என்பது ஃப்ரீ, யு.பி., யு.எஃப். போன்றவை, எச்.ஆர். என்பது ஹெரிட்டர் ஆவணங்கள். யு.எஃப். பிறப்புடைய சபை 1929க்குப்பின் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகிவிட்டாலும் அதன் பிந்தைய ஏடுகள் பல நேரம் சி.எச்.3 எண்ணிலேயே தொடரும். சி.எச்.2இல் தேடிவிட்டு இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் ஏறியிருக்கும் மூப்பர் மன்ற ஏடுகளில் பெரும்பகுதி 1900க்கு முந்தையது. உங்களுக்கு வேண்டிய ஆண்டுகளுக்கு நேரில் போகத் தயாராக இருங்கள். கிளாஸ்கோ போன்ற இடங்களில் உள்ளூர் ஆவணக்காப்பகத்திலேயே ஏடுகளை வைத்திருக்கிறார்கள்.

1918 நவம்பரிலிருந்து 1923 முடிய வரிவரியாகப் படியுங்கள். ஒரு வரிசை தெரியும். முதலில் 'பொருத்தமான நினைவு' பற்றிப் பேச ஒரு குழு. பிறகு தகராறு: பலகையா, ஆர்கனா, கண்ணாடிச் சன்னலா, மண்டபமா என்று. பிறகு சந்தா. பிறகு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் வரைபடமும் விலையும். பிறகு பெயர்ப்பட்டியல் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டு, அல்லது முகப்பு மண்டபத்தில் ஒட்டப்பட்டு, விடுபட்டவர்களைச் சொல்லச் சொல்வார்கள். கடைசியில் திறப்பு நாள். இவற்றில் எந்த ஒன்று கிடைத்தாலும் போதும், மற்றவை அதன் முன்னும் பின்னும் சில மாதங்களுக்குள் இருக்கும். அளவு அடியிலும் அங்குலத்திலும்தான் எழுதியிருப்பார்கள். 3 அடிக்கு 2 அடி என்றால் உங்கள் நாடாவில் 914 × 610 மி.மீ.

குறிப்பேட்டில் இல்லாவிட்டால் வரவுசெலவுக் கணக்கைப் பாருங்கள். பலகைக்குத் தனிச் சந்தா வசூலித்திருந்தால் அது மூப்பர் ஏட்டுக்கே வராமல் போயிருக்கும். ஆனால் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நிற்கும். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் 'லைஃப் அண்ட் வொர்க்' இதழோடு சேர்த்துத் தைத்த உள்ளூர்ச் சபை இணைப்பிதழ்களையும் விடாதீர்கள், அது பாரிஷ் சபைகளுக்கு உதவும்.

செய்தித்தாளில் தேடும்போது 'நினைவுச்சின்னம்' என்ற சொல்லை இட்டால் நகரத்துப் பொதுச் சின்னம்தான் ஆயிரம் வரும். போதகரின் குடும்பப்பெயரையும் 'திறந்துவைத்தார்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். 'யு.எஃப்.' என்பதை எழுத்துணரி (பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) 'யு.பி.' என்றும் புள்ளியில்லாமலும் படித்து வைத்திருக்கும். திறப்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரப்பத்திரிகையில் அந்த வாரக் கடைசியிலோ அடுத்த வாரமோ வரும்; இரண்டு இதழ்களையும் முழுதாகப் பாருங்கள். நல்ல பத்திரிகை பெயர்களையும் வாசகத்தையும் அப்படியே அச்சிட்டிருக்கும். உங்கள் மறைக்கப்பட்ட வரி அங்கே முழுதாகக் கிடைக்கலாம்.

உளித்தடம்:

கழற்றாதீர்கள். 3 × 2 அடி அளவில் ஓர் அங்குலக் கனமுள்ள பளிங்கு சுமார் 38 கிலோ. பின்னால் இரும்புக் கொக்கிகள் இருந்தால் துரு ஏறி உப்பியிருக்கும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும், அசைத்தால் மூலை உடைந்து கையோடு வரும். பின்பக்கம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கல் பாதுகாப்பு நிபுணரை வைத்துத்தான். அதற்கு முன் கழற்றாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு.

மறைக்கப்பட்ட வரிக்கு: ஆலயத்தை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் நேர் எதிரே வைத்து, கைவிளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல 10–15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். இடம், வலம், மேல், கீழ், நான்கு மூலை என எட்டுத் திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். ஈய எழுத்து பதிக்கும்போது வெட்டிய பள்ளத்துக்குள் சிறு துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறுக்குவார்கள். எழுத்தைப் பிடுங்கி எடுத்துச் சாந்து பூசினாலும் அந்தத் துளைகளின் அமைப்பு மேற்பரப்பில் லேசான குழியாகத் தெரியும். ஒரே எழுத்துக்கு ஒரே கைவேலையில் துளைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் வரும். அதனால் பிழைத்திருக்கும் எழுத்துகளை மாதிரியாக வைத்து ஒப்பிட்டுப் படிக்கலாம். வரியின் நீளத்தையும் அளந்து வையுங்கள், எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று கணக்கிட உதவும்.

பித்தளைக்கு: செய்தவர் பெயர் பெரும்பாலும் கீழ் வலது மூலையில் 2–3 மி.மீ. உயரத்தில், அல்லது தகட்டின் விளிம்பில். எடின்பரோவின் சார்லஸ் ஹென்ஷா, கிளாஸ்கோவின் வைலி அண்ட் லாக்ஹெட் போன்ற பெயர் கிடைத்தால் குறிப்பேட்டில் தேட ஒரு கொழுகொம்பு கிடைத்த மாதிரி. திருகாணிகளைப் பாருங்கள். நேர்ப்பள்ளத் தலை என்றால் பழையதாக இருக்கலாம், உறுதியில்லை. பிலிப்ஸ் எனப்படும் சிலுவைத் தலைத் திருகாணிக்குக் காப்புரிமை வந்ததே 1930களில்தான். பலகையில் அது இருந்தால் பின்னால் யாரோ மறுபடி மாட்டியிருக்கிறார்கள். விளிம்பு இடைவெளியில் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியை நுழைத்து விளக்கடித்தால் சுவர் ஆப்பு தெரியும். பிளாஸ்டிக் ஆப்பு என்றால் 1920களின் வேலை இல்லை. ஓக் பலகையில் பயன்படாத பழைய துளைகள், தகட்டைவிடப் பெரிய நிழல்தடம், சுவர்ப்பூச்சில் நிறம் மாறிய சதுரம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பலகை இந்தச் சுவருக்காகவே செய்யப்பட்டதா என்பதற்கு இவைதான் சாட்சி. குறிப்பேட்டு வாசகத்தைக்கூட நகல் எடுத்தவர் தவறாக எழுதியிருக்கலாம்.

தயவுசெய்து படம் எடுக்கும் முன் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எழுத்துக்குள் கறுப்பும் சிவப்பும் மெழுகாக நிரப்பியிருப்பார்கள். மெருகு பசை அதைக் கரைத்து எடுக்கும், பின் எழுத்தோரமும் மழுங்கும். கிறிஸ்தவப் பக்தியோடு வாரந்தோறும் தேய்த்தே வாசகம் அழிந்த தகடுகள் ஏராளம்.

காகிதப் பட்டியலைச் சட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். கொடிகளும் ஓரச் சித்திரமும் அச்சிட்ட காலிப் படிவத்தை வாங்கிப் பெயரைக் கையால் எழுதியிருப்பார்கள். படிவத்தின் அடியில் அச்சகப் பெயரும், சட்டத்தின் பின்னே சட்டமிட்ட கடையின் சீட்டும் இருக்கும். மை வெளிறியிருந்தால் வெயிலிலிருந்து விலக்கி, 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

சுவரோரம்:

சாய்வொளியில் பளிங்கின் வரி பாதி தெரிந்தது. முதல் சொல் தெளிவில்லை, கடைசியில் 'யு.எஃப். சர்ச்' என்பது உறுதி. காகிதப் பட்டியலில் 14 சிலுவைகள். 14 பெயரும் பளிங்கில் இருக்கின்றன. பளிங்கின் மீதி மூவரும் பட்டியலில் சிலுவை இல்லாமல் இருக்கிறார்கள். பித்தளையின் 31இல் பளிங்கோடு பொதுவான அந்த ஆறு பேர் மட்டுமே பட்டியலில் உண்டு. இனி அந்த ஆறு பேரை என்ன செய்வது?

பெயரடி:

அப்படியென்றால் பட்டியலும் பளிங்கும் ஒரே சபையுடையவை என்று எழுதிவிடலாம். பட்டியல் எப்போது நின்றது என்பதையும் கண்டுபிடிக்கலாம். சிலுவை போட்ட 14 பேரில் கடைசியாக இறந்தவரின் தேதியை எடுங்கள். சிலுவை இல்லாத மூவரில் முதலில் இறந்தவரின் தேதியை எடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ பட்டியலைப் புதுப்பிப்பது நின்றிருக்கிறது. இரண்டாவது தேதி முதலாவதற்கு முந்தியதாக வந்தால், 'காணவில்லை' என்று அறிவிக்கப்பட்டவராக இருக்கலாம். அவர்களின் மரணம் பல மாதங்கள் கழித்துத்தான் முடிவாகும், குடும்பத்துக்குச் செய்தி வந்தபின்தான் குறி போடுவார்கள்.

ஆறு பேர் பொதுவாக இருப்பது பிழையல்ல. அந்தக் காலத்தில் ஒரே ஆள் சபைப் பலகை, பள்ளிப் பலகை, வேலைசெய்த ஆலைப் பலகை, நகரச் சின்னம் என நான்கைந்து இடத்தில் இருப்பார். இரண்டு சபைப் பலகையில் வருவதற்கு வழக்கமான காரணங்கள்: பெற்றோர் ஒரு சபை, மனைவி வேறு சபை, ஓய்வுநாள் பள்ளியோ பாய்ஸ் பிரிகேடோ (கிறிஸ்தவச் சிறுவர் அமைப்பு) ஓரிடம், திருவிருந்து எடுத்தது வேறிடம், போருக்கு முன்பே உறுப்பினர் சான்றிதழை மாற்றிக்கொண்டது. அதனால் எந்தப் பலகை எந்தச் சபை என்று நிறுவ அந்த ஆறு பேரும் பயன்பட மாட்டார்கள். பித்தளையில் மட்டும் இருக்கும் 25 பேரை எடுங்கள். அவர்களிலும் அரிய பெயருடையவர்களை முதலில். ஊரில் பாதிப்பேருக்கு இருக்கும் குடும்பப்பெயரோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஒரு விரிதாளில் ஒருவருக்கு ஒரு வரி: பலகையில் உள்ளபடி பெயர், படைப்பிரிவு எண், இறந்த தேதி, 1911 குடிக்கணக்கு முகவரி, பெற்றோர், ஞானஸ்நானம் பெற்ற சபை, திருவிருந்துப் பட்டியலில் (திருவிருந்து எடுக்கும் முழு உறுப்பினர்களின் பட்டியல்) உள்ள சபை, ஆதாரம். கடைசிக்கு முந்தைய நெடுவரிசைதான் தீர்ப்புச் சொல்வது. திருவிருந்துப் பட்டியலில் பெயருக்கு எதிரே 'போரில் மரித்தார்' என்றே எழுதியிருக்கும். ஆனால் 17, 18 வயதில் போனவர் திருவிருந்து எடுத்திருக்கவே மாட்டார். அப்போது தாய் தந்தை பெயரைத் தேட வேண்டும். 25இல் ஏழெட்டுப் பேர் ஒரே சபையின் பட்டியலில் நின்று, மற்றொன்றில் ஒருவரும் இல்லையென்றால் எனக்கு அது போதும்.

முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாரிஷுக்கு எல்லை உண்டு, யு.எஃப். சபைக்கு அப்படியில்லை, ஊரின் மறுகோடியிலிருந்தும் குடும்பங்கள் நடந்து வந்தன. படைப்பதிவில் மதம் என்ற இடத்தையும் நம்பாதீர்கள். 'பிரெஸ்பிட்டேரியன்' என்று எழுதியிருக்கும், இங்கே மூன்று சபையும் அதுதான். அந்தப் பதிவு கிடைப்பதே அரிது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் லண்டன் கிடங்கில் எரிந்துபோனது. பிழைத்தவை லண்டனில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூ.ஓ.363 வரிசையில் இருக்கின்றன. கனடாவுக்குப் போய் அங்கே படையில் சேர்ந்தவர்களின் கோப்பு முழுதாக இணையத்தில் உண்டு. அப்படி ஒருவர் பெயர் பலகையில் இருந்தால் நல்ல துப்பு, ஏனெனில் அவர் பெயரைக் கொடுத்தது ஊரில் இருந்த பெற்றோர்தான், அவர்கள் எந்தச் சபை என்பது தெரிந்துவிடும்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தில் ஒருவர் இல்லையென்றால் பதற வேண்டாம். 1921 ஆகஸ்ட் 31க்குப்பின் இறந்தவர்களும், படையிலிருந்து விலகியபின் போர்க்காரணம் நிரூபிக்கப்படாமல் இறந்தவர்களும் அதில் வரமாட்டார்கள். சபைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. தாய் கேட்டால் பெயர் ஏறிவிடும்.

பலகையில் உள்ள ஆண்டையும் அளவுக்கு மீறிப் படிக்காதீர்கள். 1919 என்பது வெர்சாய் உடன்படிக்கையை வைத்து. 1918 போர்நிறுத்தத்தை வைத்து. அது சபை மரபைக் காட்டாது. 'இந்தப் பாரிஷ்' என்றிருந்தால் அரசுச் சபை என்று சாயலாம். 'இந்தச் சபை' என்பதை எல்லாருமே எழுதினார்கள்.

தென்கரை:

கிளைவழி சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான்காவது பலகை இரண்டு சபைக்குப் பொது என்று சொன்னது இங்கே சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப்போர் பலகைகளின் எண்ணிக்கையை வைத்து இணைப்புக் காலத்தைக் கணிப்பதைப் பொதுவிதியாக்கிவிடாதீர்கள். 1945க்குப்பின் பல சபைகள் புதுப்பலகை செய்யாமல் பழையதன் அடியில் பெயர்களைச் சேர்த்தன. சில வேறு உருவில் வைத்தன: திருவிருந்து மேசை, ஞானஸ்நானத் தொட்டி, விளக்கு, வேத புத்தகம். பலகை இல்லை என்பதால் சபையே இல்லை என்று ஆகாது.

இங்கிலாந்திலிருந்து இதே கேள்வியோடு வருபவர்களுக்கு இரண்டு வரி. அங்கே முக்கிய ஆண்டுகள் வேறு. வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் மெதடிஸ்டுகள் 1932இல் ஒன்றானார்கள். காங்கிரிகேஷனல் சபைகளில் பெரும்பாலானவையும் இங்கிலாந்து பிரெஸ்பிட்டேரியன் சபையும் 1972இல் யுனைடெட் ரிஃபார்ம்ட் சபை ஆயின. ஆங்கிலிக்கன் ஆலயமென்றால் பலகைக்கு மறைமாவட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், அந்தக் கோப்பில் வரைபடமும் செய்தவர் பெயரும் இருக்கும். மெதடிஸ்டுகளுக்கு அது கிடையாது. அறங்காவலர் குறிப்பேட்டை மாவட்ட ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டும், அதுவும் பழைய சர்க்யூட்டின் (மெதடிஸ்ட் சபைகளின் வட்டாரத் தொகுதியின்) பெயரில்.

கிளைவழி:

ஒப்புக்கொள்கிறேன், பொதுவிதி இல்லை.

காணாமல்போன மூன்றாவது சபைக்கு வருவோம். பளிங்கும் பட்டியலும் யு.எஃப். என்றாகிவிட்டது. பித்தளை எது என்பதைத் திருவிருந்துப் பட்டியல் சொல்லும். எஞ்சும் சபைக்கு உருவம் வேறாக இருந்திருக்கலாம். அதன் பழைய கட்டடம் நின்றால், இன்று அது குடியிருப்போ கடையோ ஆகியிருந்தாலும், சன்னல்களைப் பாருங்கள். ஆர்கன் நினைவாக வைக்கப்பட்டிருந்தால் அதன் சிறு பெயர்த்தகடு மட்டும் தனியாக எங்காவது அலமாரியில் கிடக்கும். இந்த ஆலயத்தின் மண்டபம், மணிக்கூண்டுப் படிக்கட்டு, மூப்பர் அறை, கொதிகலன் அறை எல்லாம் தேடுங்கள். திருவிருந்து மேசை, பீடம், நாற்காலிகளின் முன்விளிம்பையும் அடிப்பக்கத்தையும் படியுங்கள். இணைப்பின்போது வந்த தளவாடத்தில் வாசகம் செதுக்கியிருப்பது அடிக்கடி நடக்கும்.

பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் நினைவுச்சின்னப் பதிவேட்டை இப்போதே பாருங்கள். 1989இல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. பழைய தன்னார்வலர் ஒருவர் 1990களில் வந்து படிவம் நிரப்பியிருக்கலாம், நீங்கள் தேடும் சின்னம் அப்போது சுவரில் இருந்திருக்கலாம். ஆலயத்தின் இன்றைய பெயரோடு நிறுத்தாமல் கிளைமரத்தில் உள்ள எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி எண், ஆகவே நான்குக்கும் நான்கு பதிவு. முதலில் எந்தச் சபைக்காக வைக்கப்பட்டது, எந்தக் கட்டடத்தில் இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் பிரித்து எழுதுங்கள். அவற்றில் எது ஆவணத்தால் நிறுவியது, எது ஊகம் என்றும் சேருங்கள்.

விற்பனை விஷயத்தில் தாமதம் கூடாது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சுவரோடு நிலையாகப் பொருத்தியது கட்டடத்தோடு சேர்ந்த சொத்தாகிவிடும். விற்பனை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி விலக்கி வைக்காவிட்டால் பளிங்கு வாங்குபவருக்குப் போய்விடலாம். ஆகவே ஒப்பந்தம் எழுதுமுன் நான்கின் படமும் அளவும் கொண்ட பட்டியலைப் பிரெஸ்பிட்டரிக்கும் சபைச் சொத்துகளைக் கவனிக்கும் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பொது அறங்காவலர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் உள்ளதென்றால் உள்ளே இருப்பதைக் கழற்றவும் அனுமதி தேவைப்படலாம். உள்ளூராட்சியின் திட்டப் பிரிவிடம் கேளுங்கள். கழற்றும் முறை, கொண்டுபோகும் பெட்டி, மறுபடி பொருத்தும் கொக்கி ஆகியவற்றுக்கு வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்லும். இரும்புக் கொக்கி இருந்த இடத்தில் எஃகு வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

புதிய இடத்தில் மாட்டும்போது பளிங்கின் அடைத்த வரியைத் திரும்ப எழுத வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். யார், எப்போது அடைத்தார்கள் என்பதும் வரலாறுதான். பக்கத்தில் சிறு விளக்கத் தகடு வைத்து, பத்திரிகையில் கிடைக்கும் முழு வாசகத்தை அதில் கொடுங்கள். கோப்பின் ஒரு படியைப் பெயர் தெரியாத உறையில் போட்டுப் பலகைக்குப் பின்னால் ஒட்டாமல், ஆவணக்காப்பகத்தில் சபையின் எண்ணோடு சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.